சிவப்பு நூல் தைத்த செருப்பு

டோர்ட்மண்ட் ஊரோரத்துச் சௌனா கிளப்புக்குப் புதன்கிழமைதோறும் மதியம் கிளம்பிவிடும் புருஷன் ஃபோல்கர் மீது கெர்லிண்டாவுக்கு ரொம்ப நாளாகவே சந்தேகம். ஆணும் பெண்ணும் ஒட்டுத்துணியில்லாமல் சூடான மர அறையில் சேர்ந்து உட்கார்ந்து வேர்க்கும் இடம்தான். அதில் அவளுக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஃபோல்கர் திரும்பி வரும்போது பையில் எப்போதும் இரண்டு பேருடைய ஈரத் துண்டுகள் இருந்தன. இந்த வாரம் சொல்லாமல் பின்னாலேயே வந்துவிட்டாள்.

வரவேற்பில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். "எப்ப மேடம் வெளிய போனீங்க? இப்பத்தானே உங்க ரெண்டு பேரையும் உள்ள விட்டேன்."

"நான் இங்க வர்றதே இதுதான் முதல் தடவை."

"வாராவாரம் வந்துட்டு இப்படிச் சொன்னா எப்படி?" என்று சிரித்தபடி அவள் துணி வைக்கும் பெட்டியின் சாவியை நீட்டினாள்.

துண்டைச் சுற்றிக்கொண்டு கெர்லிண்டா போனபோது சௌனா அறையின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே சுடுகல்லில் தண்ணீர் ஊற்றி ஆவி கிளப்ப ஆரம்பித்துவிட்டால் முடியும்வரை யாரும் உள்ளே நுழையக் கூடாது. வெளியே செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. ஃபோல்கருடையதை ஒட்டி ஒரு ஜோடி நீலச் செருப்பு. அதன் இடது வார் சிவப்பு நூலால் தைக்கப்பட்டிருந்தது. கெர்லிண்டா குனிந்து தன் காலைப் பார்த்தாள். போன மாதம் அவளே தைத்த அதே சிவப்பு நூல், அவள் போட்டிருந்த நீலச் செருப்பின் இடது வாரிலும் இருந்தது.

கதவு திறந்தது. வேர்த்துச் சிவந்த உடம்புகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஃபோல்கரின் தோளைப் பிடித்தபடி வந்தவளுக்குக் கெர்லிண்டாவின் முகம், புருவத் தழும்பு உட்பட. அவள் நீலச் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு கெர்லிண்டாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாரு இவ? உன்னையே பாத்துட்டு நிக்கறா."

ஃபோல்கர் திரும்பி, நிதானமாகவே பார்த்தான்.

"தெரியலையே," என்றான்.