வெயிலில் பச்சை

மகளின் பிரசவத்துக்குப் போய்விட்டு மூன்று மாதம் கழித்து வந்த மனைவி, பையைக்கூட இறக்காமல் பால்கனிக்குப் போனாள். தொட்டியில் அந்தக் காட்டு மூலிகை தளதளவென்று நின்றது.

“அடேயப்பா! இந்த வெயில்லயும் இவ்வளவு பச்சையா?”

“பின்னே? உன் அண்ணன் குன்றுல தோண்டிக் குடுத்ததாச்சே. தினமும் தண்ணி ஊத்தினேன்” என்றார் தையல்காரரான கணவர்.

“இனிமே கேட்டாலும் கிடைக்காதுங்க. அந்தக் குன்றையே கல்லுக்காக உடைச்சுட்டாங்களாம்.”

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை.

“ஒண்ணு சொன்னா திட்டமாட்டியே? அது உன் செடி இல்ல. நீ போன மறுமாசமே அது மொத்தமாக் காஞ்சு போச்சு. துணி நிறத்துக்கு ஏத்த நூல் தேடுற மாதிரி, காஞ்ச இலையைக் கையில வெச்சுக்கிட்டு நாலு நர்சரி ஏறி இறங்கி இதை வாங்கினேன்.”

“வந்த அன்னிக்கே தெரியும்.”

“எப்படி?”

“நம்ம செடிக்கு வெயில் காலத்துல இலையே இருக்காதுங்க. வருஷா வருஷம் காயும், மழை விழுந்ததும் வேர்லேருந்து துளிர்க்கும். பன்னெண்டு வருஷமா அப்படித்தான். நீங்கதான் மெஷினை விட்டு எழுந்து வந்து பார்த்ததில்லை.”

அவர் முகம் வெளிறியது.

“செத்துப்போச்சுன்னு நினைச்சுக் குப்பை வண்டியில போட்டுட்டேனே!”

“தூங்கிட்டு இருந்துச்சுங்க” என்றவள், அவர் வாங்கி வைத்த செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனாள்.