கத்திரி வாயில் ஒரு பள்ளம்

கூரை இடுக்கில் நுழையும் காலை வெயிலில் தகரத்தூள் மினுங்குகிறது. பட்டறைக்காரி கூரையின் மழைநீர் வடிகாலுக்குத் தகடு வெட்டிக்கொண்டிருக்கிறாள். காகிதத்தில் போவதுபோல் போகும் கத்திரி இன்று ஓரிடத்தில் நறுக்கென்று தடுக்குகிறது. வெட்டிய விளிம்பில் பிசிறு நிற்கிறது. கத்திரியை விரித்து வெளிச்சத்தில் பிடிக்கிறாள். கீழ்வாயில் நெல்மணி அளவு பள்ளம். தகரம் வெட்டி இப்படி ஆகாது. உருக்குக் கம்பியை வெட்டியிருக்க வேண்டும். எதிர்வீட்டு வாசலில் நேற்றிருந்த சைக்கிளைக் காணோம். அதைக் கட்டியிருந்த பூட்டுக் கம்பி மட்டும் இரண்டு துண்டாகக் கிடக்கிறது.

மூலையில் தகடு மடித்துக்கொண்டிருக்கும் கொழுந்தனின் சுத்தியல் சத்தம் நிற்கிறது. “என்ன அண்ணி, கத்திரி வாய் போயிடுச்சா? குடுங்க, அரத்தால ராவித் தரேன்.” கத்திரியைப் பற்றி அவள் இன்னும் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. கத்திரியைத் தீட்டச் சொன்னாலே கைவலி வந்துவிடும் அவனுக்கு. இன்று அரத்தை எடுத்துத் தயாராக வைத்திருக்கிறான். ராவிவிட்டால் பள்ளம் இருந்த தடமே இருக்காது. “வேணாம்ப்பா, நல்லாத்தான் வெட்டுது” என்கிறாள். கத்திரியின் ஆணியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அதைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொள்கிறாள். நீட்டிய கையை அவன் மெல்ல இழுத்துக்கொள்கிறான். அந்நேரம் எதிர்வீட்டுக்காரி பட்டறை வாசலில் வந்து நிற்கிறாள். “அக்கா, ராத்திரி உங்க பக்கம் ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சா?” பட்டறைக்காரி அவள் பக்கம் திரும்பவில்லை. கணவனின் ஒரே தம்பியின் முகத்தையே பார்க்கிறாள்.

“கேக்குறாங்கல்ல, சொல்லுப்பா.”