ஏரிக்கரையில் நூறு பேர்

காணை கிராமத்து ஏரிக்கரைக்குக் காற்று வாங்க தினமும் நூறு பேராவது வருகிறார்கள் என்று கணக்குக் காட்டினால், அங்கே பூங்கா வரும். பூங்கா வந்தால், கணக்கெடுக்க விழுப்புரத்திலிருந்து வந்த தற்காலிக குமாஸ்தா சக்கரபாணிக்கு அதிலேயே நிரந்தர வேலை.

கரையோரம் நாற்காலி போட்டு, நோட்டுடன் உட்கார்ந்தான். முதல் நாள் நான்கு பேர். எருமைகளைச் சேர்க்கவில்லை.

மூன்றாம் நாள் முப்பது. ஏழாம் நாள் நூற்றுப் பன்னிரண்டு! முகையூரிலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள்.

"எதுக்குய்யா வந்தீங்க?"

"சும்மா வேடிக்கை பாக்கத்தான் சார்."

"இதுக்குக் காசு கேட்டா குடுப்பீங்களா?"

"ஓரணா தரலாம் சார்."

'இயற்கை ரசனை' என்று எழுதிக்கொண்டான். எல்லோரும் ஏரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்ததுதான் புரியவில்லை. வெயிலில் கண் கூசுகிறது போலும்.

பூங்கா வந்தது. பூங்காவுக்குள்ளே அவனுக்கு ஓர் அறையும் வந்தது; நாற்காலியை அங்கே போட்டுக்கொண்டான். பத்து நாளாகியும் ஓர் ஆள்கூட வரவில்லை. வேலை போய்விடும் போலிருந்தது.

பூங்கா வாசலில் 'மல்லாட்டை' என்று கூவி அவித்த வேர்க்கடலை விற்கும் வீரம்மாளிடம் போய் நின்றான்.

"ஏம்மா, ஏரியைப் பாக்க ஒருத்தரும் வரலியே?"

"ஏரியை எவன் சார் பாத்தான்? கவர்மெண்டு சம்பளம் வாங்கிக்கினு ஒருத்தரு, வர்ற ஜனத்தை ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிக்கினு குந்தியிருக்காருன்னு நான்தான் சந்தையில சொன்னேன். உங்களைப் பாக்கத்தான் சார் வந்தாங்க!"

சக்கரபாணி நாற்காலியைக் கரைக்குத் தூக்கிக்கொண்டு போய், நோட்டைப் பிரித்தான்.

"அப்படியே குந்துங்க சார்," என்றாள் வீரம்மாள். "ஜல்தியா போய் சொல்லிட்டு வர்றேன்."