அடுத்த வாரம் யார்?

“இன்னொரு தடவை கதை முன்கூட்டியே வெளிய போச்சுன்னா தொடர் உங்க கையில இருக்காது. கேம் கம்பெனிக்காரங்க வேற ஆளைப் பார்த்தே வெச்சுட்டாங்க,” என்றார் பதிப்பாசிரியர் ஓமோரி, போனில்.

கயோ பேனாவைக் கீழே வைத்தாள். “நான் யார்கிட்டயும் சொல்லல, ஓமோரி-சான்.”

“நானும் சொல்லல. கம்பெனியில கதையைப் பார்க்கிறது ஒரே ஆள். அவர் பொண்டாட்டிகிட்டகூட வாயைத் திறக்காத மனுஷன். மிச்சம் யாரு, நீங்களே எண்ணிப் பாருங்க.”

எண்ண ஒரு விரல் போதும். அந்த மிச்சம் எதிர் மேசையில் குனிந்து வரைந்துகொண்டிருந்தது.

‘ஏழு விளக்குக் கோட்டை’ முதலில் செல்போன் விளையாட்டு. அதை வாராவாரம் மங்கா என்கிற ஜப்பானியப் படக்கதையாக வரைபவள் கயோ. ஜனவரியில் அனிமே கார்ட்டூனாகவும் வருகிறது. கதையில் போர் தொடங்கி நாலு வாரம் ஆகிறது, நாலு சாவு. அத்தியாயம் வியாழன் மதியம் வெளியாகும். வெள்ளி காலை, ரசிகர்கள் அரட்டையடிக்கும் இணையப் பலகையில் ‘கோழிக்கொண்டை’ என்கிற பெயரில் ஒரு வரி வந்து விழும். ‘அடுத்த வாரம் கொல்லன்.’ ‘அடுத்த வாரம் இரட்டையரில் மூத்தவள்.’ நாலும் பிசகவில்லை.

“ஓமோரியா, சென்செய்?” என்று தலை நிமிராமலே கேட்டார் நெகிஷி. அவளைவிட ஐந்து வயது மூத்தவர். ஆனாலும் வரைகிறவளுக்குரிய மரியாதையோடு சென்செய் என்றுதான் கூப்பிடுவார்.

“ஆமா. உங்களைப் பத்தி விசாரிச்சார்.”

“என்னை விசாரிச்ச கடைசி ஆள் என் வீட்டுக்காரி. அவளும் போய் ஆறு வருஷமாச்சு.”

கயோ சிரிக்கவில்லை. ஆறு வருஷமாகத்தான் இவரும் இங்கே பின்னணி வரைகிறார். அதற்கு முன் சொந்தமாக ஒரு தொடர் ஆரம்பித்து, எட்டே வாரத்தில் நிறுத்தப்பட்டவர். அடுத்தவள் தொடருக்குச் சுவரும் மரமும் போட்டுக்கொண்டிருக்கும் மனுஷனுக்கு வயிறு எரியாமலா இருக்கும்? போனை எப்போதும் கவிழ்த்துத்தான் வைக்கிறார். அழைப்பு வந்தால் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்.

நெகிஷி நாளைக்கு வெளியாக வேண்டிய கடைசிப் பக்கத்தில் இருந்தார். ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிடும் கிழட்டுப் படகுக்காரர். அவர் கையிலிருந்த சோற்று உருண்டையைச் சுற்றிய கடற்பாசித் தாளுக்குக் கறுப்பு நிரப்பிவிட்டு, படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அடுத்த வாரம் இளவரசன்னு திட்டத்துல எழுதியிருக்கீங்களே. நெஜமாவா?”

கயோ வரைவதை நிறுத்தினாள். “ஏன் கேக்கிறீங்க?”

“சும்மாதான். படத்தைப் பார்த்தா அப்படித் தெரியல.”

திட்டத்தில் இருந்தது பொய். கசிவுக்குப் பயந்து மூன்று பேருக்குமே இளவரசன் என்று எழுதி அனுப்பியிருந்தாள். அது பொய் என்று இவருக்கு எப்படித் தெரியும்? என் மேசையைக் கிளறுகிறாரா?

அதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை. இன்றைக்கே அனுப்பிவிட வேண்டியதுதான். ஆனால் மணி ஒன்றாகியிருந்தது. வெறும் வயிற்றோடு இருக்கிற ஆளைப் பார்த்து வேலையை விட்டுப் போ என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. இறங்கிப்போய் மூலைக்கடையில் இரண்டு சோற்று உருண்டைகள் வாங்கி வந்தாள். ஒன்றை அவர் கையில் கொடுத்தாள்.

“முதல்ல சாப்பிடுங்க, நெகிஷி-சான்.”

ஆறு வருஷத்தில் அவள் அவருக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்ததில்லை. அவர் உறையைப் பிரிக்கவில்லை. உருண்டையையே வெகுநேரம் பார்த்தார்.

“இன்னிக்கேவா, சென்செய்?”

“எது இன்னிக்கே?”

“சரி, விடுங்க.”

எழுந்து பேனாக்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினார். ஸ்வெட்டரை மடித்துப் பையில் வைத்தார்.

“நான் இன்னும் வாயே திறக்கலையே,” என்றாள் கயோ.

“திறக்கணுமா?”

மடியில் கனமில்லாதவன் இப்படியா மூட்டை கட்டுவான்? ஒரு மறுப்பு உண்டா, ஒரு ஏன் உண்டா? வாசலில் காலணியை மாட்டிக்கொண்டு ஒருமுறை குனிந்து வணங்கிவிட்டுப் போய்விட்டார். உருண்டை அவர் மேசையிலேயே கிடந்தது. தொண்டையில் இறங்கியிருக்காது என்று நினைத்துக்கொண்டாள்.

உடனே ஓமோரியைக் கூப்பிட்டாள். “ஆளை அனுப்பிட்டேன். இனிமே கசியாது.”

“ஒத்துக்கிட்டாரா?”

“நான் கேக்கிறதுக்கு முன்னாடியே.”

மறுநாள் அத்தியாயம் வெளியானது. அடுத்த வாரம் சாகப்போவது யார் என்பது இப்போது கயோவின் தலைக்குள் மட்டுமே இருந்தது. ஒரு துண்டுக் காகிதத்தில்கூடக் குறித்து வைக்கவில்லை.

வெள்ளி காலை, தேநீர் கொதிக்கும்போது போனில் பலகையைத் திறந்தாள். கோழிக்கொண்டை ஏற்கெனவே வந்து போயிருந்தது.

‘அடுத்த வாரம் படகுக்காரர்.’

அவள் அடுப்பை அணைத்தாள். அந்தப் பெயரை அவள் தனியாக இருக்கும்போதுகூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

அதன் கீழே யாரோ சீண்டியிருந்தார்கள்: ‘இளவரசன்தான்னு ஊரே யூகிக்குது. உனக்கு மட்டும் யாருடா வந்து ஓதுறது?’

பதில் வந்து இரண்டு நிமிஷம்தான் ஆகியிருந்தது.

‘யாரும் ஓதல. சாகப்போற ஆள் கையில முந்தின வாரப் படத்துலயே சென்செய் ஒரு சோத்து உருண்டை கொடுத்துடுவாங்க, எங்க நாலாம் கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியும்.’

கயோ மெல்லத் திரும்பிப் பார்த்தாள். நெகிஷியின் காலி மேசையில், உறை பிரிக்காமல், அவள் கொடுத்த உருண்டை அப்படியே இருந்தது.