கீழ்மலைக் கொல்லர் சங்கம்

சம்மட்டி உலைக்கு முன்னால் வந்து நின்றதாக ஸ்ரீதரன் எழுதினான்.

இடுப்பு வரை தாடி. தோளில் சுத்தியல். தீ இன்னும் மூட்டவில்லை.

குசினியில், அடுப்புக்குப் பக்கத்து ஜன்னலில்தான் சிக்னல் வரும். ரப்பர் தோட்டத்தில் காலையிலிருந்து மழை. இன்று பால் வெட்டு இல்லை. கணக்கப்பிள்ளையான அவனுக்கும் வேலை இல்லை. போனை ஜன்னல் கம்பியில் சாய்த்துவைத்து, நின்றபடியே எழுதிக்கொண்டிருந்தான்.

கீழ்மலை என்பது ஒரு வாட்ஸ்அப் குழு. அங்கே எல்லோரும் மலைக்கடியில் வாழும் குள்ளர்கள். ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு தாடி. என்ன செய்கிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று எழுதி எழுதியே அந்த மலையைக் குடைந்திருந்தார்கள். நேரில் பார்த்துக்கொண்டவர்கள் குறைவு.

குழுவை நடத்துபவள் தனுஜா. நிவித்திகலவில் ஒரு கொமினிகேஷன் கடையில் போட்டோகொப்பி எடுப்பவள். அவள் வைத்த விதி ஒன்று உண்டு. நெடுநாள் பேசாமல் கிடப்பவரை மலை விழுங்கிவிடும். விழுங்கினால் குழுவுக்குத் திரும்பி வர முடியாது.

சம்மட்டி பேசி நெடுநாள் ஆகிவிட்டது. ஸ்ரீதரனின் மனைவி விஜயகலா இறந்த பிறகு அந்த வீட்டில் யாருமே அதிகம் பேசவில்லை.

மிஞ்சியது ஒரு வழிதான். சங்கம் தொடங்குபவரை மலை தொடாது. உலை மூட்டி, முதல் அடி அடிக்க வேண்டும். அதுவும் இன்றே.

சாட்சிக்கு எல்லோரும் கூடியிருந்தார்கள். சங்கம் என்றால் மாதாமாதம் சம்பளத்தில் சந்தா வெட்டுவார்களா என்று ஒருவன் கேட்டான். தலைவர் தேர்தல் நேரத்தில் மட்டும்தான் சுரங்கத்துப் பக்கம் வருவார் என்றான் இன்னொருவன்.

ஸ்ரீதரன் சிரிக்கவில்லை. சிரிக்கும் முகம் ஒன்றை அனுப்பினான்.

சம்மட்டி கரியை அள்ளி உலையில் போட்டதாக எழுதினான்.

அப்போதுதான் றம்ஸானின் குரல் பதிவு வந்தது. றம்ஸானுக்கு எஹலியகொடயில் கல் வியாபாரம். அவன் வாப்பா மாணிக்கக் குழி வைத்திருந்தவர். கீழ்மலையின் சுரங்க வழக்கங்களில் பாதி அவன் கொண்டுவந்தவை. கோபித்துக்கொள்ள வேண்டாம், சொல்லாமல் இருக்க மனம் கேட்கவில்லை என்று ஆரம்பித்தான்.

"மவுத்தான வீட்டாள் குழிக்குள்ள இறங்க ஏலாது. கில்ல. கல்லு ஓடிரும். நாங்களும் இங்க அப்பிடித்தானே வெச்ச."

தீட்டைத்தான் அவன் சிங்களத்தில் 'கில்ல' என்று சொன்னான்.



அது எல்லோரும் சேர்ந்து வைத்த வழக்கம். இழவு வீட்டுக்காரர் மூட்டிய உலையில் இரும்பு உடையும். அன்று ஸ்ரீதரனும் சரி என்றுதான் எழுதியிருந்தான்.

தள்ளிப்போட்டால் என்ன என்று யாரோ கேட்டார்கள். தள்ளிப்போட்டால் மலை விழுங்கும். தனுஜா தன் விதியை இதுவரை யாருக்காகவும் மாற்றியதில்லை.

ஸ்ரீதரன் வாதாடவில்லை. குரல் அனுப்பவும் இல்லை. தொண்டை சரியில்லை என்று முன்பே எழுதிவைத்திருந்தான். வெளியே ரப்பர் மரங்களில் கட்டியிருந்த சிரட்டைகளில் மழைத்தண்ணீர் நிரம்பி வழிந்தது. பார்த்துக்கொண்டிருந்தான்.

தனுஜா பேசினாள். அடையாள அட்டையின் இரண்டு பக்கமும் வேண்டும் என்று யாரோ சிங்களத்தில் கேட்பது பின்னால் கேட்டது.

"புருசன் செத்துட்டா பொம்பள அடுப்பு பத்த வைக்காமலா இருக்கா? அப்பறம் புள்ளைங்களுக்கு யாரு சோறாக்குறது? அதெல்லாம் பாத்தா முடியாதுங்க. சம்மட்டியக்கா, நீங்க மூட்டுங்க."

கீழ்மலையில் பெண்களுக்கும் தாடி உண்டு.

சம்மட்டி, விஜயகலாவின் குள்ளச்சி. ஜன்னல் கம்பியில் சாய்ந்திருப்பது விஜயகலாவின் போன். குழுவில் கொஞ்சம் மேலே போனால் அவள் குரல் இருக்கிறது. அவன் மேலே போவதில்லை.

அவனுடைய குள்ளன் கட்டையன். சம்மட்டியின் புருஷன். அவள் இந்த ஜன்னலில் நின்று எழுதுவாள். அவன் முன்னறையில் வாசலோரம் உட்கார்ந்து வாசிப்பான். எழுத்து வந்து சேருவதற்கு முன்பே குசினியிலிருந்து அவள் சிரிப்பு வந்துவிடும்.

அவளை அடக்கம் செய்த வாரத்தில், தன் போனிலிருந்து கட்டையனை ஒரு மண்சரிவில் கொன்றுவிட்டுக் குழுவை விட்டு வெளியேறினான்.

குழுவில் இருப்பவர்களுக்குத் தெரிந்த சாவு அது ஒன்றுதான்.

அவன் உலையை மூட்டினான். பிடித்துக்கொண்டது என்று எழுதினான்.

முதல் அடி இறந்தவர் பெயரில் விழட்டும் என்று றம்ஸானே கேட்டான். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அதற்கு முன்னால் கட்டையனைப் பற்றி அக்கா ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றார்கள்.

நல்ல மனிதர் என்று எழுதினான். அழித்தான். விஜயகலா அப்படியெல்லாம் சொல்கிற ஆள் இல்லை.

என்னைத் தங்கமாகப் பார்த்துக்கொண்டார் என்று எழுதினான். அதையும் அழித்தான்.

குழு பொறுமையாகக் காத்திருந்தது.

பிறகு எழுதினான்:

"தேத்தண்ணியவே ஆறவச்சுத்தான் குடிப்பாரு. இந்த லட்சணத்துல கொல்லனாம்."

றம்ஸான் ஒரு சிரிக்கும் முகத்தை அனுப்பி, உடனே அழித்துவிட்டான். அதன்பின் ஒவ்வொருவராக எழுதத் தொடங்கினார்கள். ஆழ்ந்த அனுதாபங்கள். நல்ல மனுசன். அவரு இடத்த நிரப்ப ஆளில்ல. மழையில் சிக்னல் போய்ப்போய் வந்தது. அனுதாபங்களும் அப்படியே வந்தன.

ஸ்ரீதரன் ஒன்று விடாமல் வாசித்தான்.

அவள் எல்லோருக்கும் நன்றி சொன்னாள் என்று எழுதினான்.

சுத்தியலைத் தூக்கினாள்.

அடித்தாள்.