பார்க்காமல் எழுதியது

தொண்ணூற்றாறு சதவீதம் பொருந்துகிறது என்றது இரண்டு நிரல்களை ஒப்பிட்ட அறிக்கை.

ஒப்பீட்டை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். அதே தொண்ணூற்றாறு.

மூன்று வாரம் தனியாக உட்கார்ந்து எழுதிய நிரல். நெஞ்சில் ஒட்டும் சிறு கருவிக்கானது. இரைச்சலை நீக்கி இதயத் துடிப்பை மட்டும் எடுத்துக் கொடுக்கும்.

முன்பு அந்த வேலையை ஜெபமணி என்பவர் இணையத்தில் பொதுவில் வைத்திருந்த லைப்ரரி, யாரும் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு, செய்தது. என்னோடு இணைப்பவர் தன் நிரலையும் எல்லோரும் பார்க்கத் திறந்து வைக்க வேண்டும் என்றது அதன் உரிமம். கருவிக்குச் சிப் கொடுத்த கம்பெனியின் உரிமமோ எதையும் திறக்கக் கூடாது என்றது.

இரண்டும் ஒரே கருவிக்குள் இருக்க முடியாது.

அதனால்தான் புதிதாக எழுத அவளிடம் கொடுத்தார்கள். பார்த்தவர் எழுதினால் அது நகல் என்றாகிவிடும். குழுவில் ஜெபமணியின் நிரலை ஒருமுறைகூடத் திறந்து பார்க்காதவள் அவள் ஒருத்திதான்.

இப்போது இரண்டும் திரையில் அருகருகே இருந்தன.

காலி வரி விட்ட இடங்கள்கூட ஒன்றாகவே இருந்தன. இரண்டிலும் நடுவில் தமிழில் ஒரே குறிப்பு: இங்கே கொஞ்சம் பொறு.

அதைத் தட்டியது அவளுக்கு நினைவிருந்தது. ஏன் தட்டினோம் என்பது நினைவில்லை.

"பாக்காமத்தான் எழுதுனயா?" மேலாளர் சபாபதி குரலை உயர்த்தவில்லை. "நாளைக்கு வக்கீல் கேப்பாரு. எங்கிட்டயாவது சொல்லு."

"பாக்கலைங்க சார்."

அவர் நம்பவில்லை. அவர் இடத்தில் இருந்தால் அவளும் நம்பியிருக்க மாட்டாள்.

ஜெபமணியின் உரிமக் கோப்பில் ஒரு கைபேசி எண் இருந்தது. எல்லோரும் சாப்பிடப் போன பிறகு அழைத்தாள்.

எடுத்தது அவர் மனைவி. அவர் இறந்து நான்கு வருடம் ஆகிறதாம்.

அவள் நடந்ததைச் சொன்னாள். அந்த அம்மாள் குறுக்கிடாமல் கேட்டார்.

"இருமலுக்கு வழி பண்ணியிருக்கா?"

"என்னங்க?"

"இருமுனா துடிப்பு தப்பாக் காட்டும். அத மட்டும் முடிச்சிரணும்னு சொல்லிட்டே இருந்தாரு. ஆஸ்பத்திரியிலயும் அதே பேச்சுத்தான். முடிக்க முடியல."

அவள் தன் கோப்பின் அடிக்குப் போனாள். பழைய நிரலில் இல்லாத நாற்பது வரிகள் அங்கே இருந்தன. இருமலை ஒதுக்கித் துடிப்பை மட்டும் எடுக்கும் வரிகள். யாரும் கேட்காமலே எழுதியிருந்தாள்.

அவை மட்டுமாவது தன்னுடையவை என்று நினைத்திருந்தாள்.

"முடிச்சிட்டாருங்க," என்றாள்.

அந்த அம்மாள் இணைப்பை அறுக்கவில்லை.

அவள் கோப்பின் முதல் வரிக்கு ஏறி, எழுதியவர் என்ற இடத்தில் இருந்த தன் பெயரை அழித்தாள்.