யாரும் எடுக்காத பெயர்

"பிள்ளை, இண்டைக்கும் பச்சைதானா?"

சண்முகரத்தினம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கணினித் திரையைக் காட்டினார். 'கிள்ளான் தேன்சிட்டு' என்று ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார். பொத்தான் எதையும் அமுக்கவில்லை. அடுத்த கட்டத்துக்குப் போனதுமே, பெயருக்குப் பக்கத்தில் தானாகப் பச்சை எழுத்து வந்துவிட்டது: 'இந்தப் பெயரை இன்னும் யாரும் எடுக்கவில்லை.'

"ஆமா அங்கிள், பச்சைதான்," என்றாள் கடையில் வேலை பார்க்கும் சந்திரகலா.

"ஒருத்தரும் எடுக்கேல்ல," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

"அப்படியே கீழ ரெஜிஸ்டர்னு இருக்குல்ல, அத அமுக்குங்க. பேரு உங்களுக்கே ஆயிடும்."

"வேண்டாம் பிள்ளை. பார்க்கத்தான் வந்தனான். வாறன்."

குடையை எடுத்துக்கொண்டு மெதுவாகப் படியிறங்கிப் போனார்.

பிரிக்பீல்ட்ஸில் அந்த இன்டர்நெட் கடை திறந்த நாளிலிருந்து வாரம் தவறாமல் இதே கதைதான். கடைக்காரன் ஜெயராஜ், மலேசியத் தமிழர்கள் பேசிப் பழக ஓர் இணையத்தளம் செய்து வைத்திருந்தான். அதில் சேர வருகிறவர்கள் ஆளுக்கொரு பெயரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இவர் மட்டும் பெயரை அடிப்பார், பச்சையைப் பார்ப்பார், எழுந்து போவார்.

"என்ன லா இவரு, ஏர்கான் காத்து வாங்கவா வர்றாரு?" என்றான் ஜெயராஜ்.

"சும்மா இருண்ணே. கவிதை கிவிதை எழுதுவாரு போல. இந்த வயசுல தேன்சிட்டுன்னு பேரு வெச்சுக்க வெக்கமா இருக்கும்."

"வெக்கப்பட்டா பேரு போயிடும். தீபாவளிக்குப் பேப்பர்ல நம்ம விளம்பரம் வருது. அப்புறம் பாரு, ஈ மாதிரி மொய்ப்பாங்க. நல்ல பேரு ஒண்ணு மிஞ்சாது."

சந்திரகலாவுக்கு மனசு கேட்கவில்லை. காலையில் கோயிலில் கும்பிட்டுவிட்டு வருகிறவள், வீடு திரும்புவதற்குள் யாருக்காவது ஒரு சின்ன நல்லதாவது செய்துவிட வேண்டும் என்று நினைப்பவள். ஜெயராஜ் தே தாரிக் டீ குடிக்கப் போன நேரத்தில், 'கிள்ளான் தேன்சிட்டு' என்ற பெயரைத் தானே பதிவு செய்து வைத்தாள். அடுத்த முறை வந்ததும் கடவுச்சொல்லைச் சொல்லி ஒப்படைத்துவிடலாம். பாவம், எவ்வளவு சந்தோஷப்படுவார்.

அடுத்த வாரம் அவர் வந்தார். வழக்கம்போல ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார்.

திரையில் சிவப்பு எழுத்து வந்தது: 'இந்தப் பெயரை வேறொருவர் எடுத்துவிட்டார்.'

அவர் விரல்கள் விசைப்பலகையிலேயே நின்றுவிட்டன. சந்திரகலா சிரிப்பை அடக்கிக்கொண்டு பக்கத்தில் போனாள்.

"பிள்ளை, சிவப்பு வந்திருக்கு." அவர் திரையைத் தொட்டுக் காட்டினார். "இது பிழையா வராதுதானே? உண்மையா ஓராள் எடுத்தால்தானே இப்பிடி வரும்?"

"ஆமா அங்கிள், உண்மையாவே எடுத்தாத்தான் வரும். ஆனா நீங்க கவலைப்படாதீங்க, அது வந்து..."

அவர் அதைக் கேட்கவில்லை. நாற்காலி பின்னால் சாய எழுந்து, கல்லா மேசைக்கு வந்து கடைத் தொலைபேசியை எடுத்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. ஆசைப்பட்ட பெயர் கைவிட்டுப் போனதற்கா இவ்வளவு அழுகை என்று சந்திரகலா பதறிவிட்டாள்.

"அழாதீங்க அங்கிள். அந்தப் பேரு எங்கேயும் போகல, நான்தான்..."

கொஞ்சம் பொறு என்று கையைக் காட்டிவிட்டு, அவர் மறுமுனையிலிருந்த மனைவியிடம் பேசினார்.

"ராசேஸ்வரி, நான் வீட்டை விட்டுத் துரத்தின எங்கட பிள்ளை உயிரோட இருக்கிறாள். ரேடியோவுக்குப் பாட்டுக் கேட்டு எழுதேக்க ஒரு பேர் போடுவாளே, அந்தப் பேரை எடுத்திருக்கிறாளப்பா. அவள் எங்கையோ இருக்கிறாள்."